முதல் ரசிகர் மாநாட்டுக்குப் போகும் அறிவியல் புனைகதை எழுத்தாளருக்கு

நாவலை எழுதி முடித்து, நாலு பேரிடம் கொடுத்துத் திருத்தி, அட்டைப்படத்துக்குச் செலவு செய்து, நீங்களே பதிப்பித்தும் விட்டீர்கள். இணையக் கடைகளில் புத்தகம் கிடைக்கிறது. ஆனால் அது அங்கே கிடைக்கிற விஷயம் யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலருக்கும் ரசிகர் மாநாட்டின் நினைப்பு வருகிறது. அறிவியல் புனைகதை என்றால் உயிரை விடுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் மூன்று நாள் இருக்கிறார்கள், அங்கே போனால் விற்காதா என்று.

விற்கும். ஆனால் நாம் நினைத்துக்கொண்டு போகிற வழியில் விற்காது. மாநாட்டில் உங்கள் புத்தகத்தை வாங்குகிறவர் பெரும்பாலும் அதற்கு முன்பே எங்காவது உங்களோடு பேசியிருப்பார், அல்லது நீங்கள் பேசியதைக் கேட்டிருப்பார். பத்துப் பதினைந்து மாநாடுகளுக்குப் போய்வந்த பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். கீழே வரும் படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

1. எந்த மாநாடு என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மாநாடு என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒன்று, ரசிகர்களே கூடி நடத்துவது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் சுமார் 200 பேருடன் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு இந்த வகை. வேர்ல்ட்கான் என்று எல்லோரும் அழைக்கும் அந்த மாநாடு, 1942 முதல் 1945 வரை போரால் நின்றதைத் தவிர, ஆண்டுதோறும் ஏதாவதொரு நகரத்தில் நடந்துவருகிறது. இன்றைக்கும் அதை நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். பிரிட்டனில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ஈஸ்டர்கான், பாஸ்டனில் பிப்ரவரியில் நடக்கும் பாஸ்கோன் எல்லாம் இப்படித்தான். இன்னொன்று வணிக நிகழ்ச்சி. நடிகர்களின் கையெழுத்து, அவர்களோடு படம், பொம்மைகள், சட்டைகள் என்று கூட்டம் அலைமோதும். அங்கே வருகிறவர்களில் பலர் நாவல் வாங்கும் எண்ணத்தோடு வருவதில்லை.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ரசிகர்கள் நடத்தும் மாநாட்டில் டிக்கெட் என்று சொல்ல மாட்டார்கள், உறுப்பினர் கட்டணம் என்பார்கள். வெறும் பேச்சு வழக்கு இல்லை இது. பணம் கட்டிய எல்லோரும் மாநாட்டைச் சேர்ந்தவர்கள், பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. நீங்களும் அந்த எண்ணத்தோடு உள்ளே போனால் பாதி வேலை முடிந்தது.

முதல் முறைக்கு, சில நூறு பேர் வரும் வட்டார மாநாடு போதும். வேர்ல்ட்கானில் பல ஆயிரம் பேருக்கு நடுவே புது ஆள் தொலைந்துபோவார். சின்ன மாநாட்டில் இரண்டாம் நாள் மாலைக்குள் பாதி முகங்கள் பழகிவிடும்.

2. முதல் முறை வாசகராகப் போங்கள்

இதைச் சொன்னால் பலருக்கும் பிடிக்காது. புத்தகம் கையில் இருக்கிறது, ஏன் ஒரு வருடம் வீணாக்க வேண்டும் என்று கேட்பார்கள். வீணாகாது. மேசை எடுக்காமல், பெட்டி சுமக்காமல், பேட்ஜ் மட்டும் மாட்டிக்கொண்டு ஒரு மாநாடு முழுக்கச் சுற்றுங்கள். எந்த விவாதத்துக்கு அறை நிரம்புகிறது, விற்பனைக் கூடத்தில் எந்த நேரத்தில் கூட்டம் வருகிறது, எந்த மேசையில் ஆட்கள் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் இதில் எதையும் பார்க்க முடியாது.

அப்புறம், இரண்டு மணி நேரமாவது தன்னார்வ வேலை செய்யுங்கள். எல்லா மாநாட்டிலும் ஆள் பற்றாக்குறைதான். என் முதல் மாநாட்டில் பதிவு மேசையில் நின்று, அகரவரிசையில் அடுக்கிய பேட்ஜ்களைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வந்த ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொன்னார்கள், நானும் சொன்னேன். அங்கே பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்தான் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்கிறவர் என்று மாலையில்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டு பேச வாய்ப்புக் கேட்டு எழுதியபோது, நான் யார் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

3. பேச வாய்ப்புக் கேளுங்கள், சீக்கிரமாக

விவாதம், வாசிப்பு, கையெழுத்து நேரம் எல்லாம் மாதக்கணக்கில் முன்பே முடிவாகிவிடும். ஆறு மாதத்துக்கு முன்பே மாநாட்டின் தளத்தில் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வாரம் இருக்கும்போது கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

படிவத்தில் எல்லோரும் செய்யும் தவறு, தங்கள் நாவலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவது. நிகழ்ச்சி அமைப்பவருக்கு வேண்டியது உங்கள் நாவலின் கதை இல்லை. எந்த விவாதத்தில் உங்களை உட்கார வைக்கலாம் என்பதுதான் அவருடைய கவலை. அதனால் புத்தகத்துக்கு வெளியே உங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். நீங்கள் செவிலியராக இருந்தால் எதிர்கால மருத்துவம் பற்றிய விவாதத்துக்கு நீங்கள் தேவை. மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர், வேற்றுக்கோளில் பயிர் வளர்ப்பது பற்றிப் பேசினால் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்போம். கப்பல் பொறியியல், மொழியியல், வானிலை, கணக்குத் தணிக்கை, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். விண்வெளி வணிகம் பற்றிய விவாதத்தில் ஒரு தணிக்கையாளர் கேட்ட இரண்டு கேள்விகள், அதன் பிறகு நான் எழுதிய ஒரு கதையையே மாற்றிவிட்டன.

4. புத்தகத்தை ஒரு மூச்சில் சொல்லப் பழகுங்கள்

மூன்று நாளில் நூறு முறையாவது இந்தக் கேள்வி வரும்: "உங்கள் புத்தகம் எதைப் பற்றி?" பதில் தயாராக இல்லையென்றால், இரண்டு வருடம் உழைத்த புத்தகத்தை அரை நிமிடத்தில் நீங்களே சாதாரணமாக்கிவிடுவீர்கள்.

இப்படிச் சொல்கிறவர்கள் அதிகம்: "தொலைதூர எதிர்காலத்தில் மனிதர்கள் பல கோள்களில் குடியேறியிருக்கிறார்கள், அப்போது ஒரு பழைய பேரரசு..." கேட்பவரின் கண் இரண்டாவது சொல்லிலேயே பக்கத்து மேசைக்குப் போய்விடும். இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "செவ்வாய்க்குப் போகிற கப்பலில் பிணவறையைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண், தினமும் காலையில் பிணங்களை எண்ணுவாள். ஒரு நாள் ஒன்று கூடுதலாக இருக்கிறது." அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். அடுத்த கேள்வியை எதிரில் இருப்பவர் கேட்பார். அவர் கேட்டுவிட்டால் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

ஒரு ஆள், அவருடைய அன்றாட வேலை, அதில் விழுந்த ஒரு விரிசல். இந்த மூன்றும் அந்த ஒரு மூச்சுக்குள் வந்துவிட்டால் போதும். உலகத்தை எப்படிக் கட்டினீர்கள் என்பதெல்லாம் அப்புறம்.

5. மேசை: கணக்கைப் போட்டுவிட்டு எடுங்கள்

விற்பனைக் கூடத்தில் மேசை எடுக்க ஆசை வரும். முதலில் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக் கட்டணம், பயணம், தங்கும் அறை மூன்றையும் கூட்டுங்கள். ஒரு பிரதியை விற்றால் அச்சுச் செலவு போக உங்கள் கையில் எவ்வளவு நிற்கும் என்று பார்த்து, அதனால் வகுங்கள். வருகிற எண், போட்ட முதலை எடுக்க நீங்கள் விற்க வேண்டிய பிரதிகள். அது 30 என்றால் நல்ல மாநாட்டில் நடக்கலாம். 150 என்றால் ஒரே ஒரு புத்தகம் வைத்திருப்பவருக்குக் கையைக் கடிக்கும். அப்போது இன்னும் இரண்டு எழுத்தாளர்களோடு சேர்ந்து ஒரு மேசையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். செலவு குறைவதோடு, சாப்பிடப் போகும்போது மேசையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். தனியாக மேசை போட்டவர் கழிப்பறைக்குப் போகக்கூடப் பக்கத்து மேசைக்காரரைத்தான் கெஞ்ச வேண்டும்.

விற்பனை உரிமம், வரி இரண்டும் இடத்துக்கு இடம் மாறும். மாநாட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: முதல் முறைக்கு 25 அல்லது 30 பிரதிகள் போதும். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பதிப்பித்திருந்தால், ஆசிரியர் பிரதிகள் வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஆறு வாரத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். மேசையை மூடத் தரைவரை தொங்கும் துணி, காலிப் பெட்டிகளை அதன் அடியில் ஒளித்துவைக்கலாம். புத்தகத்தை நிறுத்திவைக்கும் தாங்கிகள். தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய விலைப் பலகை, ஏனென்றால் விலை கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுவார்கள். சில்லறை, அட்டையில் பணம் வாங்கும் கருவி, அதற்குக் கூடுதல் மின்கலம். மின்புத்தகம் மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒரு க்யூஆர் கோடு. கையெழுத்துப் போட, மை ஊறாத பேனா. தொடர்நாவல் என்றால் முதல் பாகத்தை இரட்டிப்பாக எடுத்துப்போங்கள், புதிதாக வருகிறவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.

மேசையில் எப்படி இருப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் முறை மேசை போட்டபோது, கூடம் திறந்த நிமிடத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். கடை விரித்தேன், கொள்வாரில்லை. மதியத்துக்கு மேல் களைத்துப்போய், கூப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு வயதான அம்மா வந்து புத்தகத்தை எடுத்தார். பின்னட்டையைப் படிக்கவில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு அந்தப் பக்கம் முழுவதையும் படித்தார். நான் ஒன்றும் பேசவில்லை. முடித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே கோணாமல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நான் கலந்துகொண்ட விவாதத்தில் மூன்றாவது வரிசையில் அதே பச்சைக் கோட்டு. மூன்றாம் நாள், கூடம் மூட அரை மணி நேரம் இருக்கும்போது, பர்ஸைக் கையில் எடுத்தபடியே வந்தார். "அந்த 112ஆம் பக்கத்தில் அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு என்று தெரியணும்" என்றார். பக்க எண்ணை நினைவில் வைத்திருந்தார்.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். நிற்பேன், அல்லது உயரமான இருக்கையில் உட்கார்வேன், கண்மட்டம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக. வருகிறவரிடம் புத்தகத்தைப் பற்றி இல்லாமல் அவர் சட்டையில் இருக்கும் படத்தைப் பற்றியோ, இப்போது எந்த விவாதத்திலிருந்து வருகிறார் என்றோ கேட்பேன். புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டால் வாயைத் திறக்கவே மாட்டேன். படிக்கிற ஆளைத் தொந்தரவு செய்வது எழுத்தாளர் செய்யக்கூடாத காரியம். கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் நிற்க மாட்டார்கள், அதனால் அது பைக்குள் இருக்கட்டும். அவருக்குப் பிடித்த வகை உங்களுடையது இல்லையென்று தெரிந்தால், எந்த மேசையில் அது கிடைக்கும் என்று கைகாட்டி அனுப்புங்கள். அந்த மேசைக்காரர் நாளைக்கு உங்களிடம் ஒருவரை அனுப்புவார்.

6. விவாத மேடையில்

பொதுவாக நான்கைந்து பேர், ஒரு நெறியாளர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் உங்கள் பங்கு பத்து நிமிடம்கூட வராது. அந்தப் பத்து நிமிடத்தைப் புத்தக விளம்பரத்துக்குச் செலவிட்டால் அறையில் இருப்பவர்கள் உங்கள் பெயரை வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள்.

அறிமுகம் அரை நிமிடம்: பெயர், என்ன எழுதுகிறீர்கள், இந்தத் தலைப்புக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு. முன்னால் ஒரே ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளலாம். தன் எல்லா நூல்களையும் சுவர்போல் அடுக்கி அதன் பின்னால் உட்கார்கிறவர்கள் உண்டு, ரசிகர்களுக்கு அது அறவே பிடிக்காது. உதாரணம் சொல்லும்போது முதலில் மற்றவர்களின் கதைகளைச் சொல்லுங்கள், உங்களுடையதை ஒரு முறை, அதுவும் பொருந்தினால் மட்டும். பக்கத்தில் இருப்பவர் நல்ல கருத்துச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். ஒலிபெருக்கி இருந்தால் பயன்படுத்துங்கள். "என் குரல் கணீரென்று இருக்கும், தேவையில்லை" என்று தள்ளிவிடுவது, காது சரியாகக் கேட்காதவர்களை அறையிலிருந்து வெளியே அனுப்புவதற்குச் சமம்.

வாசிப்புக்கு நேரம் கிடைத்தால், வீட்டில் வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். கொடுத்த நேரத்தில் முக்கால் பங்குக்குத் தயார் செய்யுங்கள். முன்கதை சொல்லத் தேவையில்லாத பகுதியாக இருக்கட்டும், இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடம் நன்றாக எடுபடும். ஐந்து பேர்தான் வந்திருந்தாலும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அந்த ஐந்து பேருக்காக முழுமனதோடு வாசியுங்கள். வேறு பத்து நிகழ்ச்சிகள் நடக்கும் நேரத்தில் உங்களைத் தேடி வந்தவர்கள் அவர்கள்.

கையெழுத்து மேசையில் உங்கள் பக்கத்தில் புகழ்பெற்ற ஒருவரை உட்காரவைத்து, அவருக்கு வரிசை வாசல்வரை நிற்கலாம். மனம் சுருங்கும். அந்த வரிசையில் காத்திருப்பவர்களோடு பேசுங்கள். அவர்களுக்கும் பொழுது போக வேண்டும்.

7. அட்டவணையில் இல்லாத நேரம்

நட்பு உருவாவது பெரும்பாலும் இங்கேதான். மாநாட்டு உபசரிப்பு அறை, நடைவழி, விடுதியின் முன்கூடம். காஃபிகிளாட்ச் என்று ஒன்று நடக்கும், ஒரு எழுத்தாளரோடு எட்டுப் பத்துப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது. அதற்கு முன்பதிவு செய்ய வேண்டும், நீங்கள் மதிக்கும் எழுத்தாளர் யாராவது வந்திருந்தால் தவறவிடாதீர்கள். இரவில் ஃபில்க் பாடுவார்கள், ரசிகர்களே கட்டிய அறிவியல் புனைகதைப் பாட்டுகள். 1950களில் ஒரு கட்டுரையில் ஃபோக் (நாட்டுப்புறப் பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்) என்று அடிக்க வேண்டியதைத் தவறாக அடித்ததில் பிறந்த பெயர் அது. பாடத் தெரியாவிட்டாலும் போய் உட்காரலாம்.

பேட்ஜுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் வண்ண ரிப்பன்களைச் சேர்ப்பது பல மாநாடுகளில் வழக்கம். உங்கள் நாவலிலிருந்து நாலு சொல்லை ஒரு ரிப்பனில் அச்சடித்துக் கொடுத்தால், நூறு பேர் அதை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் நடப்பார்கள். புக்மார்க்கை இலவசப் பொருள் மேசையில் வைக்கலாம். அடுத்தவர் மேசையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

8. உடம்பு, ஒழுங்கு

ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் புது ஆட்களுக்குச் சொல்லும் ஒரு விதி: 5, 2, 1. நாளுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். இது குறைந்தபட்சம்தான், தூக்கத்தை ஆறாக்கினால் இன்னும் நல்லது. மூடிய அறைகளில் நூற்றுக்கணக்கானோர் இருப்பதால் வீடு திரும்பியதும் சளி, காய்ச்சல் பிடிப்பது சகஜம். முகக்கவசம் அணியுங்கள், தண்ணீர் குடியுங்கள், திரும்பி வந்த மறுநாள் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நடத்தை விதிகளை முழுக்கப் படியுங்கள். வேடம் அணிந்து வந்தவரைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது, தொடக்கூடாது. உங்கள் மேசைக்கு வந்து உங்களைப் பாராட்டும் இளம் வாசகர் உங்கள் மீதுள்ள மதிப்பில் பேசுகிறார். அந்த மதிப்பை வேறு எதற்கும் பயன்படுத்துகிறவருக்கு இந்த இடத்தில் வேலை இல்லை.

9. விருதுகள் பற்றி ஒரு வார்த்தை

அறிவியல் புனைகதைக்காக 1953இல் முதல்முதலாக வழங்கப்பட்ட ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைப்பவர்களும் வாக்களிப்பவர்களும் வேர்ல்ட்கான் உறுப்பினர்கள்தான். சுயபதிப்பு நூலுக்கும் தகுதி உண்டு. 40,000 சொல்லும் அதற்கு மேலும் நாவல், 17,500 முதல் 40,000 வரை குறுநாவல், அதற்குக் கீழே 7,500 வரை நெடுங்கதை, அதற்கும் கீழே சிறுகதை. உங்கள் படைப்பு எந்தப் பிரிவில் வரும் என்று ஆண்டுக்கு ஒரு முறை அறிவிப்பது தவறில்லை. ஆளாளாகப் போய் வாக்குக் கேட்பது கூடாது. 1965இல் அமெரிக்காவில் தொடங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கமும் 2015இல் சுயபதிப்பு எழுத்தாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, அதன் விதிகளையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

ஒவ்வொரு நாள் இரவும் தூங்கும் முன் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள், எதை அனுப்புவதாகச் சொன்னீர்கள். மூன்றாம் நாளுக்குள் முகங்கள் கலந்துவிடும். வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள், சொன்னதை அனுப்பிவிடுங்கள். "நீங்கள் சொன்ன அந்தக் கட்டுரையைப் படித்தேன்" என்று இரண்டு வரி போதும், அதில் உங்கள் புத்தகத்தின் இணைப்பு வேண்டாம். செய்திமடலில் சேர்க்கிறேன் என்று யாரிடம் சம்மதம் வாங்கினீர்களோ அவர்களை மட்டும் சேருங்கள்.

கணக்கையும் எழுதிவையுங்கள். எத்தனை பிரதிகள், எந்த நாளில், எந்த நிகழ்ச்சிக்குப் பிறகு. என் நோட்டில், விற்றதில் பெரும்பகுதி விவாதம் முடிந்த அடுத்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் என் விவாதம் மூன்றாம் நாள் மாலையில் வேண்டாம், முதல் நாளோ இரண்டாம் நாளோ கொடுங்கள் என்று படிவத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

அடுத்த ஆண்டும் அதே மாநாட்டுக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் பதிவு மேசையைக் கேட்டுப் பாருங்கள். பல மாநாடுகளில் அடுத்த ஆண்டுக்கான உறுப்பினர் கட்டணம் அன்றைக்குத்தான் மிகக் குறைவாக இருக்கும்.